அர்ச்சனைக்குச் சொன்ன பெயர்

அர்ச்சனைச் சீட்டும் தேங்காய்த் தட்டுமாகச் சந்நிதியின் முன் நிற்கும்போது குருக்கள் நம்மிடம் கேட்பவை மூன்றே: பெயர், நட்சத்திரம், கோத்திரம். இந்த மூன்றில் முதலாவதை ஐந்தாண்டுக் காலம் நான் தவறாகச் சொல்லி வந்தேன். மறதியால் அன்று, தெரிந்தே சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி, விண்ணப்பத்தில் ஒரு பெயரும் கணக்கில் வேறொரு பெயரும் இருந்தால் திருப்பி அனுப்பிய கை இது. அந்த நான், ஆண்டவன் சந்நிதியில் பேரக்குழந்தையின் பெயரை மாற்றிச் சொன்னேன் என்பதை வாசக அன்பர்களிடம் இன்று ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் பிரான்சு நாட்டின் வடக்கே லில் நகரில் வாழ்கிறாள். மாப்பிள்ளை புதுச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தவர்; பாட்டனார் காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். திருமணமாகி ஏழாண்டுகள் கழித்து, ஒரு மார்கழி மாதத்தில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டமையால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நட்சத்திரம் கார்த்திகை, ரிஷப ராசி. அதற்குரிய எழுத்துகள் இ, உ, எ என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, 'உமையாள்' என்று பெயரிட வேண்டுமென நான் முடிவு செய்துவிட்டேன். உமையாள் என் தாயாரின் பெயர். எழுத்தும் பொருந்துகிறது, அம்பிகையின் திருநாமமும் ஆகிறது, அம்மாவின் பெயரும் குலத்தில் நிற்கிறது என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் கைபேசியில் மகள் அழைத்தாள். பெயரைப் பதிவு செய்தாகிவிட்டது என்றாள். "சொலேய்" என்றாள். எனக்குக் காதில் விழவில்லை. மீண்டும் சொன்னாள். பிரெஞ்சு மொழியில் சூரியன் என்று பொருளாம். "எழுத்தே பொருந்தவில்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு, அழைப்பைத் துண்டித்தேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று அன்று நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதன்பின் ஊரும் உறவும் சொன்ன கருத்துகளைத் தொகுத்தால் இந்த இதழின் பக்கங்கள் போதா. என் தமையனார், "பெயரா அது? சவர்க்காரத்தின் பெயர் போலிருக்கிறது" என்றார். பிரெஞ்சு கற்ற உறவுக்காரப் பெண் ஒருத்தி, அந்தச் சொல் பிரெஞ்சு இலக்கணத்தில் ஆண்பால், பெண்ணுக்கு அங்கேயே அரிது என்று ஒரு புது வருத்தத்தைத் தந்துவிட்டுப் போனாள். சாத்திர ஆதாரம் தேடி நானும் புத்தகங்களைப் புரட்டினேன். பெண்ணின் பெயர் எளிதில் ஒலிப்பதாயும், கடுமையின்றியும், பொருள் தெளிந்தும், மங்கலமாயும், நெட்டுயிரில் முடிவதாயும் இருக்க வேண்டுமென்கிறது மனுஸ்மிருதி. பெண்ணுக்கு ஒற்றைப்படை அசையில் பெயர் வேண்டும் என்கின்றன கிருஹ்ய சூத்திரங்கள். சொ, லேய், இரண்டே அசை, அதுவும் மெய்யில் முடிகிறது. தணிக்கை அறிக்கை எழுதுபவனைப் போல் ஒவ்வொரு குறையாகக் குறித்துக்கொண்டேன். எளிதில் ஒலிப்பது, பொருள் தெளிந்தது, மங்கலமானது என்ற மூன்றும் அதே வரியில் இருந்ததை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

மாறாகப் பேசியவர்களும் இருந்தார்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி மாலையில் என்னுடன் நடப்பவர் ஒரு தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர். பெயரைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "சகரம் ஒகரத்தோடு சேர்ந்து மொழிக்கு முதலில் வரலாம். யகர மெய் ஈற்றில் நிற்கலாம். தாய், நெய், வேய் இல்லையா? தொல்காப்பியர் மறுக்க மாட்டார் ஐயா" என்றார். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பச் சோதிடரோ, கார்த்திகைக்கு அதிபதி சூரியன், குழந்தை பிறந்ததே சூரிய தசையில், எழுத்துப் பார்த்த நீர் அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். அதற்கும் நான் விடை சொல்லவில்லை. என் மனைவிக்கு இந்தத் தொல்லையே இல்லை. முதல் நாளிலிருந்தே அவள் வாயில் அது "சோலை" என்றுதான் வந்தது. அவள் பிறந்தகம் மதுரைப் பக்கம். அங்கே சோலையம்மாள், சோலைமலை என்றெல்லாம் பெயர்கள் உண்டு. அழகர்மலைமேல் பழமுதிர்சோலை முருகனிருக்க, பேத்தியின் பெயரில் குறை எங்கே என்பாள்.

பிரெஞ்சுச் சொல் பெயராவது நான் காணாததும் அன்று. புதுச்சேரிக் கிளையில் மூன்றாண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்கள் மாதந்தோறும் வருவார்கள். முகமும் பேச்சும் நம் கிராமத்துப் பெரியவர்களுடையவை; ஆவணத்தில் இருக்கும் குடும்பப் பெயரோ நாக்கில் புரளாது. 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணையின்படி, தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க முன்வந்தவர்கள் அங்கே புதிய குடும்பப் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். அவர்களில் முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டு, வழக்கைப் பாரிசு வரை கொண்டு சென்று வென்றவர். அவர் சூடிக்கொண்ட பெயர் 'லபோர்த்'. பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். அவரைப் பற்றி அறிந்தபோது அந்தத் துணிவை வியந்தேன். நூறாண்டுக்கு முந்தையவர் கதவு என்று பெயர் வைத்துக்கொண்டால் வியப்பு. என் மகள் கதிரவன் என்று வைத்தால் கோபம்.

உண்மையைச் சொன்னால், பெயரைப் பதியும் அலுவலரே மறுத்துவிடுவார் என்று ஒரு நப்பாசையும் எனக்கு இருந்தது. பிரான்சில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1803-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பழங்கால வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்கு இட அனுமதித்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக ரியூனியன் தீவுக்குக் கப்பலேறிய நம்மவரின் வழித்தோன்றல்கள், அதனால் பதிவேட்டில் ஒரு பிரெஞ்சுப் பெயரும் வீட்டிலும் கோயிலிலும் ஒரு தமிழ்ப் பெயருமாக வாழப் பழகினார்கள். காலப்போக்கில் பிடி தளர்ந்து, 1993-இல் வந்த சட்டம் பெற்றோர் விருப்பத்துக்கே விட்டது. ஆயினும் குழந்தைக்குக் கேடு என்று தோன்றினால் அலுவலர் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம். லில் நகருக்கு அருகிலுள்ள வாலன்சியென் நீதிமன்றத்தில், ரொட்டியில் தடவும் நுடெல்லா என்ற இனிப்புக் களிம்பின் பெயரை ஒரு தம்பதியர் தம் பெண்ணுக்கு இட்டது இப்படித்தான் வழக்காகி, பிறர் எள்ளி நகையாட இடமாகும் என்று நீதிபதி அதனை 'எல்லா' எனக் குறைத்தார். 2015-இல் செய்தித்தாள்களில் வந்தது. 'ஃப்ரேஸ்', அதாவது செம்புற்றுப்பழம் என்ற பெயரையும் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. சூரியனை மட்டும் எவரும் தடுக்கவில்லை, கேள்வியின்றி எழுதிக்கொண்டார்களாம்.

பதினோராம் நாள் நாமகரணம் நடைபெறவில்லை. புண்ணியாகவாசனம் செய்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் பெயரெழுதி, குழந்தையின் செவியில் ஓதும் சடங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சிசுவுக்கு எப்படி நடக்கும்? இதை நான் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டேன். நம் மரபில் ஒரு குழந்தைக்கு நட்சத்திர நாமம், வழங்கு நாமம் என ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆகவே அங்கே சொலேய் இருக்கட்டும், இங்கே உமையாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, எங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் அந்தப் பெயரையே சொன்னேன். மாதந்தோறும் கார்த்திகை நட்சத்திரத்தன்று அர்ச்சனை. சில மாதங்களில் அவர் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் பெயர் தானாக வந்தது. மனைவிக்குத் தெரியும். "அது அவ பேரு இல்லையே" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற சித்திரையில், பள்ளி விடுமுறைக்கு மகள் குழந்தையுடன் வந்தாள். ஐந்து வயது. வீட்டில் தமிழ் பேசி வளர்க்கிறார்கள். ரகரத்தை மட்டும் தொண்டையிலிருந்து உருட்டுகிறாள். வந்த மறுநாள் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பாட்டி கட்டிவிட்ட பாவாடையும் நெற்றி நிறைய விபூதியுமாக என் விரலைப் பிடித்து நின்றாள். குருக்கள் வழக்கம்போல் சங்கல்பத்தைத் தொடங்கி, சிவகோத்திரம், கார்த்திகை நட்சத்திரம், ரிஷப ராசி என்று வரிசையாகச் சொல்லி, "உமையாள்" என்று முடித்து உள்ளே போனார். குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"தாத்தா, உமையாள் யாரு?"

சாமி கும்பிடு என்றேன். அவ்வளவுதான் என்னால் இயன்றது.

அன்றிரவு கூடத்தில் படுத்திருந்தேன். உள்ளறையில் அவள் தாயிடம் கேட்பது கேட்டது. "உமையாள் எங்கம்மா இருக்கா? தாத்தா அவளுக்குத்தான் சாமிகிட்ட கேட்டார். எனக்குக் கேக்கல." அழவில்லை, ஒரு செய்தியைத் தெரிவிப்பது போலத்தான் சொன்னாள். அந்தக் குழந்தைக்கும் தன்னுடைய வண்ணப் பென்சில்களில் பாதியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டாள்.

மகள் வெளியே வந்து என்னருகில் தரையில் உட்கார்ந்தாள். சினந்து பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்பா, அங்க பொறந்து அஞ்சு நாளுக்குள்ள பேரு பதிஞ்சாகணும். நாலாவது நாள் ராத்திரி டாக்டர், விடியட்டும் பாக்கலாம்னுதான் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல. நாங்க ரெண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னோம். அந்த ஊர்ல மார்கழில எட்டே முக்காலுக்குத்தான் பொழுது விடியும். ஒரு வாரமா வெயிலே இல்லை, மூடிக்கிட்டே கெடந்தது. அன்னிக்கு விடிஞ்சதும் ஜன்னல் வழியா வெயில் வந்து பெட்டி மேல விழுந்துச்சு. அவ கைய அசைச்சா. அவர்தான் 'சொலேய்'னு கூப்பிட்டார். அது பேரு வைக்கணும்னு கூப்பிட்டது இல்லப்பா, வெயில் வந்துடுச்சுன்னு சொன்னார். அப்புறம் வேற பேரே எங்களுக்குத் தோணல. அதைச் சொல்லத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்க எழுத்து சரியில்லன்னு வச்சிட்டீங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாண்டுகளாக இதை அவள் சொல்லாமல் இருந்தாள் என்பதைவிட, ஐந்தாண்டுகளாக நான் கேட்காமல் இருந்தேன் என்பதே உறுத்தியது. ரியூனியன் தீவில் இரண்டு பெயருடன் வாழ்வோருக்குத் தம் இரண்டு பெயரும் தெரியும். என் பேத்திக்கு நான் வைத்த பெயர் அவளுக்கே தெரியாது. பச்சரிசியில் எழுதாமல், செவியில் ஓதாமல், பெற்றவர்களைக் கேட்காமல் ஒருவன் தன் விருப்பத்துக்கு வைப்பதற்கு எந்த மரபில் இடமிருக்கிறது? இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. காலமாகிவிட்ட என் தாயாரின் பெயரைக் குழந்தையின் நட்சத்திரத்தோடு சேர்த்து, ஆயுள் ஆரோக்கியம் வேண்டி மாதந்தோறும் அர்ச்சனை செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் குழந்தையைப் பூசையறைக்கு அழைத்துச் சென்று, மாலையிட்ட படத்தைக் காட்டினேன். "இவங்கதான் உமையாள். தாத்தாவோட அம்மா." சற்று நேரம் பார்த்தாள். "இவ்ளோ பெரியவங்களா?" என்றாள். பென்சில்கள் மிச்சமான நிம்மதி முகத்தில் தெரிந்தது.

பழைய புத்தகங்களை மீண்டும் புரட்டினேன். இம்முறை குறை தேடவில்லை. சொலேய் என்ற சொல், 'சோல்' என்னும் இலத்தீன் சொல்லின் வழியாகச் 'சிறு சூரியன்' என்ற செல்ல வடிவிலிருந்து வந்ததாம். அந்தச் 'சோல்' என்பதும், நம் வேதத்து 'ஸுவர்', 'சூர்ய' என்பனவும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழியியலார் துணிபு. காயத்ரீக்கு முன் சொல்லும் 'பூர்புவஸ்ஸுவ:' என்பதன் மூன்றாம் சொல் அதுவே. எத்தனையோ விடியலில் அதைச் சொல்லிவிட்டு எழுந்துவந்து, அதன் உடன்பிறப்பை அயலான் என்று ஒதுக்கியிருக்கிறேன். ஆண்பால் என்ற கவலைக்கும் விடை கிடைத்தது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்துத் திருமண சூக்தத்தில் மணமகளாய் நிற்பவள் சூரியனின் மகள். அவள் பெயர் ஸூர்யா. சத்தியவானின் மனைவி சாவித்திரியின் பெயரும் ஸவித்ரு என்னும் கதிரவனின் பெயரிலிருந்து வந்ததே.

இதைப் படித்துவிட்டு, எந்த அயல்மொழிச் சொல்லையும் பெயராக்கலாம் என்று நான் வாதிடுவதாக எவரும் கொள்ள வேண்டாம். தெய்வத் திருநாமம் வைப்பதில் உள்ள நலத்தை நான் இன்றும் நம்புகிறேன். அழைக்கும்போதெல்லாம் நாவுக்கு அது ஒரு புண்ணியம். எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தொன்றைக் கூட்டிக்கொண்டு, அரசிதழ் நகலோடு கணக்கு மாற்ற வந்து நின்றவர்களை நான் நிறையப் பார்த்தவன். அவர்களில் சிலருக்குத் தம் பெயரின் பொருளே தெரியாது. அதெல்லாம் வேறு கதை.

சித்திரை 11-ஆம் நாள் வந்தது. எங்கள் கும்பகோணத்து நாகேசுவரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 ஆகிய மூன்று நாள்களும் காலைக் கதிர் நேரே கருவறைக்குள் புகுந்து சிவலிங்கத் திருமேனியில் படும் என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஆதித்த சோழன் காலத்துக் கோயில் என்பர். அவன் பெயரும் கதிரவனுடையதே. கூட்டம் மிகுதி. குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். அறுபத்தேழு வயது முதுகு அன்று முணுமுணுக்கவில்லை. ஒளி மெல்ல நகர்ந்து உள்ளே போய் லிங்கத்தைத் தொட்டபோது கூட்டம் முழுவதும் ஒரே குரலில் சிவசிவ என்றது. என் மகள் கை கூப்பியவாறு அழுதுகொண்டிருந்தாள். அவள் எந்தச் சன்னலை நினைத்திருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கூட்டம் சற்றுக் கலைந்தபின் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்தேன். "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள். நான் குழந்தையை முன்னே நிறுத்தினேன்.

"சொலேய்."

"சோலையா? பழமுதிர்சோலை! பேஷ், நல்ல பேரு."

"சோலை இல்ல, சொலேய்."

குருக்கள் குனிந்து அவள் வாயைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். இரண்டாம் முறை சொன்னார். அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கார்த்திகை நட்சத்திரம் என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் பிள்ளையார் கோயிலுக்கும் மீண்டும் சென்றோம். குருக்கள் என்னைக் கண்டதும் பழைய பெயரைத் தொடங்கினார், நிறுத்தினேன். பெயர் மாற்றம் என்றேன். "உமையாளை விட்டுடலாமா?" என்று கேட்டார். அது என் தாயார் பெயர், அவருக்குச் செய்ய வேண்டியதை அமாவாசையில் செய்துகொள்கிறேன் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சங்கல்பம் முழுவதும் குழந்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தன் பெயர் வந்ததும், பாட்டியின் கையை விடுவித்துக்கொண்டு, சுண்டல் கொடுப்பவரிடம் போய் நின்றாள்.